இரண்டு ஆள் டாங்கி

என் வீட்டுக்காரருக்கு அவர் கம்பெனியில் 'பார்க்கலாம்' என்று பெயர். லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர். மேலே போவதா கீழே போவதா என்பதை உள்ளே நிற்கிறவர்கள் பட்டனை அமுக்கி முடிவு செய்துவிடுவார்கள். இவர் கம்பியையும் கதவையும் கவனித்தால் போதும். இதைவிடப் பொருத்தமான தொழில் அவருக்கு அமைந்திருக்காது. என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டபோதுகூட அவர் தன் அக்கா முகத்தைத்தான் பார்த்தார்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "பின் ரூம் எனக்கு வேணும். டாங்கி கட்டப் போறேன்" என்றார்.

போர் டாங்கி. பழைய சண்டைகளில் ஓடிய ஏதோ ஒன்றை, அசலில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு, தகடு தகடாக வெட்டி, சங்கிலிப் பட்டையெல்லாம் சுற்றும்படி செய்ய வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதற்கான புத்தகங்களும் வரைபடங்களும் கட்டிலுக்கு அடியில் குடியிருந்தன. மகன் கல்யாணமாகித் தனி வீடு போனதில் பின் அறை காலியானது. அந்த அறைக்கு நானும் ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

நான் தையல்காரி. நாலு தெருவுக்கு நான்தான் ரவிக்கையும் சட்டையும் பாவாடையும் தைக்கிறேன். கூடத்தில் தரையில் துணியை விரித்து, மண்டியிட்டுத்தான் வெட்டுவேன். எழுந்திருக்கும்போது இடுப்பு மட்டும் கீழேயே இருந்துவிடும். நின்றபடி வெட்ட ஒரு மேசை, அதைப் போட ஓர் அறை, இவ்வளவுதான் நான் கேட்டது. கேட்டபோதெல்லாம் என்ன பதில் வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

பஞ்சாயத்துக்கு அந்த அக்கா, என் நாத்தனார், வந்தார். பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ரிட்டையர் ஆனவர். எங்கள் வீட்டில் இன்னும் ரிட்டையர் ஆகவில்லை.

"எந்த டாங்கிடா?" என்று தம்பியைக் கேட்டார்.

"நாலஞ்சு மனசுல இருக்குக்கா. இன்னும்..."

"எதுன்னே தெரியாம ரூம் கேக்கறியா? அடுத்த மாசம் வருவேன். அதுக்குள்ள ஒண்ணை முடிவு பண்ணு, ரூம் உனக்கு. இல்லேன்னா இவளுக்கு."

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. கறுப்புச் செருப்பா பழுப்புச் செருப்பா என்று முடிவெடுக்க முடியாமல், அறுந்த செருப்போடு கடையிலிருந்து திரும்பி வந்த மனிதர் இவர். அறையில் மேசையை எந்தப் பக்கம் போடலாம் என்று அன்றைக்கே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

இரண்டே நாளில் புத்தகத்தோடு வந்து நின்றார். "முடிவு பண்ணிட்டேன்" என்று படத்தைக் காட்டினார். புலி என்று பெயராம். கனத்த தகடும் நீண்ட பீரங்கியுமாக, எதிரில் நின்றவன் திரும்பிப் பார்க்காமல் ஓடியிருப்பான்.

சும்மா விடுவேனா? அவர் வேலைக்குப் போனதும் புத்தகத்தைப் பிரித்தேன். சாயங்காலம், "ஏங்க, இதுல சக்கரமெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு மடிப்பு மடிப்பா இருக்கே. உள் சக்கரம் ஒண்ணு கெட்டா வெளிய இருக்கறதையெல்லாம் கழட்டணுமாமே? நடுவுல சேறு போய் உறைஞ்சு வேற நின்னுடுமாம். பகல் பூரா ரிப்பேர் பாக்கறது பத்தலையா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

முகம் வாடிவிட்டது. "பார்க்கலாம்" என்றார். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

அடுத்து, சரிவான தகடு வைத்த ரஷ்யக்காரர்கள் டாங்கி வந்தது. உள்ளே முழங்கையை நீட்ட இடமில்லையாமே என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன், அதுவும் போனது. பிறகு, உலகத்திலேயே முதன்முதலில் சண்டைக்குப் போன டாங்கி. மேலே பீரங்கியோடு சுற்றும் தலையே கிடையாது. நசுங்கிய டப்பா மாதிரி சாய்ந்த உடம்பைச் சுற்றிப் பட்டை ஓடும். அதன்மேல் அவருக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. நானும் விடாமல் படித்தேன்.

"இதைத் திருப்பணும்னா நாலு பேர் வேணுமாம். ஒருத்தர் சொல்லணும், ஒருத்தர் ஓட்டணும், பின்னாடி ரெண்டு பேர் கியர் மாத்தணும். இன்ஜின் சத்தத்துல ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்குக் கேக்காதாம்."

"அதனால என்ன?"

"நீங்க, நான், உங்க அக்கா, உங்க பையன். வீட்ல ஒண்ணு ஓடிட்டுதானே இருக்கு? இன்னொண்ணு எதுக்கு?"

அவர் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று எனக்கு நினைவில்லை. சிரித்து முடித்துவிட்டு, "சரி, நீ எதைச் சொல்ற?" என்றார்.

இந்த வீட்டில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. கைக்கு வந்த பக்கத்தைக் காட்டினேன். பிரெஞ்சுக்காரர்களின் சின்ன டாங்கி. இரண்டே ஆள். முன்னால் தாழ உட்கார்ந்து ஒருவர் ஓட்டுவார். பின்னால் நின்றுகொண்டு மற்றவர் வழி சொல்வார். சொல்வது என்றால் வாயால் இல்லை, காலால். முதுகில் உதைத்தால் நேரே போ. வலது தோளில் உதைத்தால் வலது பக்கம், இடது தோளில் உதைத்தால் இடது பக்கம். அந்தப் பக்கத்தை அவர் தூங்கிய பிறகும் நான் படித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பிரவுன் பேப்பரை விரித்தேன். சின்னது என்றாலும் கட்டினால் அறையை அடைத்துக்கொள்ளும் என்று அளவு வெட்டிக் காட்டி அவரைப் பயமுறுத்துவதுதான் என் திட்டம். சத்தியமாக அவ்வளவுதான். வரைபடத்தைப் பெரிதாக்கிப் பக்கங்களை வெட்டினேன், மூக்கை வெட்டினேன். தலைக்கூடு எட்டுத் துண்டு. எட்டுத் துண்டு வைத்துப் பாவாடை வெட்டுகிறவளுக்கு அதெல்லாம் ஒரு வேலையா? குண்டூசி குத்தி நிறுத்தியபோது அது தையல் மெஷினைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அழகாக இருந்தது. வெட்கத்தோடு துணி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

நாத்தனார் சொன்னபடி வந்தார். "என்னடா, முடிவு பண்ணிட்டியா?"

"இல்லக்கா. எல்லாமே நல்லாத்தான் இருக்கு."

"எனக்குத் தெரியும். ரூம் இவளுக்கு. அந்தப் புஸ்தகத்தையெல்லாம் எடைக்குப் போட்டுடு."

அவர் தலையாட்டினார்.

நான் ஜெயித்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். ஆனால் அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆட்ட வைத்தவர்மேலும் கோபம், ஆட்டியவர்மேலும் கோபம். இந்த ஒரு மாதமாகத்தான் மனிதர் வீட்டுக்குள் நுழையும்போதே ஒரு பக்கத்தை விரித்துக்கொண்டு என்னிடம் வருகிறார். அதையும் எடைக்குப் போட வேண்டுமா? நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

"அவர் முடிவு பண்ணிட்டார் அண்ணி. ரெண்டு ஆள் டாங்கி" என்று சொல்லி, பேப்பர் டாங்கியைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் வைத்தேன்.

நாத்தனார் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்போ ரூம் அவனுக்கு" என்றார். தீர்ப்பு தீர்ப்புதான். அவர் தம்பியோ எங்கள் இருவரையும் பார்க்கவே இல்லை. தரையில் உட்கார்ந்து அந்த எட்டுத் துண்டுக் கூட்டை ஒரு விரலால் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பாத்திரம் தேய்க்கும்போது அழுதேன். இடுப்பு வேறு வலித்தது.

அடுத்த வாரம் இரண்டு பேர் ஒரு பெரிய மேசையைத் தூக்கிக்கொண்டு வந்து பின் அறையில் போட்டார்கள். இடுப்பு உயரம், வழவழவென்று பலகை. நான் கனவில் கண்ட அதே மேசை.

"தரையில குனிஞ்சா தகடு வெட்ட முடியும்? இடுப்பு என்னத்துக்கு ஆகும்?" என்றார் என் வீட்டுக்காரர், ஏதோ புதிதாகக் கண்டுபிடித்தவர்போல.

அந்த இடுப்பு என் இடுப்பாக இருந்தவரை மேசை வரவில்லை. டாங்கி வந்ததும் வந்துவிட்டது. அழுவதா, அடிப்பதா என்று ஒரு நிமிஷம் நின்றேன். பிறகு துணி மூட்டையை எடுத்துவந்து மேசையின் ஜன்னல் பக்கத்துப் பாதியில் பொத்தென்று வைத்தேன். அவர் தன் வரைபடங்களை மறு பாதியில் விரித்துக்கொண்டார்.

நேற்று நான் ஜன்னல் பக்கம் நின்று ஒரு சட்டை வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் எனக்கு முன்னால் முதுகைக் காட்டியபடி சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து பட்டைக்கான துண்டுகளை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். திடீரென்று சத்தம் நின்றது.

"இங்க பாரு, அந்த நாலு பேர் டாங்கியும் நல்லாத்தான் இருந்துச்சு. இப்பகூட ஒண்ணும் கெட்டுப்போகல. என்ன சொல்ற?"

கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே, முழங்காலால் அவர் முதுகில் ஒன்று வைத்தேன்.

மனிதர் அரத்தை எடுத்துக்கொண்டார்.