குடையில் பறந்த நரிக்குட்டி

தறிகள் நின்றதும் செல்லூரின் அந்தச் சந்துக்கே காது அடைத்துப்போன மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, சரியாக அரை மணி நேரம். மோட்டார் ஓடினால் டி.வி.யில் கோடு கோடாக விழுகிறது என்று முதலாளி வெள்ளைத்துரையின் மகள் தங்கப்பொண்ணு அழுது அடம்பிடித்ததில், எட்டுத் தறியையும் அந்த நேரத்துக்கு நிறுத்துவது என்று முடிவாகியிருந்தது. தறிக்காரர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். தார் சுற்றும் இருளாயிக்கு மட்டும் ஓய்வு கிடையாது. அவளுடைய கைராட்டைக்குக் கரண்டு வேண்டாம். அது டி.வி.யில் கோடும் போடாது. தறிகள் மறுபடி ஓடும்போது, பாவுக்குக் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்க நூல் சுற்றிய தார்க்குச்சிகள் கூடை நிறைய இருந்தாக வேண்டும்.

ஆனாலும் அந்த அரை மணிக்காகத்தான் அவள் வாரம் பூராவும் காத்திருந்தாள். முற்றத்துக்கு அந்தப் பக்கம், முதலாளி வீட்டு முன்னறையிலிருந்து தன் மகள் அன்னக்கொடியின் குரல் வரும்.

பொம்மைப் படம். ஒரு சிறுமியும் ஒரு நரிக்குட்டியும் குடையைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் பறப்பார்கள். பேசுவதெல்லாம் இந்தி. செல்லூரில் யாருக்குப் புரியும்? தங்கப்பொண்ணோடு அஞ்சாவது படிக்கிறாள் என்ற சலுகையில் வாசல்படி ஓரமாக உட்கார்ந்திருந்த அன்னக்கொடி, ஒருநாள் நரிக்குட்டிக்காக வாயைத் திறந்தாள்.

"ஏ புள்ள, குடைய இறுக்கிப் பிடி! கீழ கோரிப்பாளையம் வந்திருச்சு. விழுந்தோம், பஸ்ஸுக்காரன் சட்னி ஆக்கிருவான்!"

ஜன்னல் கம்பிகளைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். அதற்குப் பிறகு தங்கப்பொண்ணே டி.வி. சத்தத்தைக் குறைத்துவைத்துவிட்டு, "ம், நீ பேசு" என்பாள்.

"அன்னம், அந்த ராட்சசன் என்னா சொல்றான்?" ஜன்னலுக்கு வெளியே இருந்து ஜலால் கத்துவான்.

"இன்னும் எங்கம்மா சோறாக்கல, அதுக்குள்ள ஜலாலைக் கடிச்சுக்கிறவான்னு கேக்குறான்."

இருளாயி முதன்முதலாக ராட்டையில் உட்கார்ந்தபோது அவளுக்கு எட்டு வயது. நூல் ஓடி ஓடி ஆள்காட்டி விரலில் ஒரு பள்ளமே விழுந்திருந்தது. என் மக வெரல்ல நூல் படக் கூடாது என்று புருஷனிடம் சண்டை போட்டுத்தான் அன்னக்கொடியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். தார்க்கூடையைக்கூட மகளைத் தூக்க விட்டதில்லை.

அன்றைக்கு நரிக்குட்டி ஏதோ கிணற்றில் விழுந்து கூப்பாடு போட்டது. மகளின் குரலில் அது அழுத அழுகையைக் கேட்டு இருளாயிக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. கை நின்றுபோனதே அவளுக்குத் தெரியவில்லை. தறிகள் ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் தறிக்காரன் பேச்சிமுத்து வந்து நின்றான்.

"அக்கா, தார் எங்கக்கா? ரெண்டு தறி வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது."

பின்னாலேயே முதலாளியின் மனைவி ரெங்கம்மாள் வந்தாள். காலிக் கூடையைப் பார்த்தாள்.

"ஒம் மக வாயத் தொறந்தா ஒங்கை நின்னு போகுதா? நல்லாருக்குடி கதை. அடுத்த வாரத்துலருந்து அவள வீட்டோட வச்சுக்க."

இருளாயி வாயெடுப்பதற்குள், பின்னால் வந்து நின்ற அன்னக்கொடி முந்திக்கொண்டாள். "அத்தை, நான் பேசிக்கிட்டே சுத்துறேன் அத்தை. ஒரு ராட்டைய உள்ள போட்டா போதும். கை சும்மாதான இருக்கு?"

வேண்டாம் என்று இருளாயி சொல்லியிருக்கலாம். சொன்னால் ஞாயிற்றுக்கிழமை செத்துப்போகும். வாரத்தில் அரை மணி நேரம்தானே என்று நினைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் நூலை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவளே சொல்லிக்கொடுத்தாள். சொல்லிக்கொடுக்கவும் அதிகம் இல்லை. பார்த்துப் பார்த்தே பிள்ளைக்குப் படிந்திருந்தது.

முதல் வாரம் நரிக்குட்டியின் பேச்சோடு ராட்டையின் கிறீச்சும் சேர்ந்து வந்தது. இரண்டாம் வாரம் பேச்சு குறைந்தது. படத்தைப் பார்த்தால் நூல் அறுந்தது. நூலைப் பார்த்தால் படம் போனது. மூன்றாம் வாரம் அன்னக்கொடி தலையைத் தூக்காமலே, "இப்ப நரி எங்கப்பா நிக்குது?" என்று கேட்டுக் கேட்டுப் பேசினாள்.

"தண்ணிக்குள்ள கெடக்குடி. நீ என்னமோ பறக்குதுங்கிற, லூசு!" என்றாள் தங்கப்பொண்ணு. ஜன்னலில் சிரித்தார்கள். இந்த முறை நரியைப் பார்த்து இல்லை. தங்கப்பொண்ணு எழுந்துபோய் டி.வி. சத்தத்தைக் கூட்டினாள். இந்தி அறை முழுக்க நிரம்பியது.

அதற்கடுத்த ஞாயிறு, தறிகள் நின்ற கொஞ்ச நேரத்தில் ரெங்கம்மாள் ஒரு கூடைத் தாரோடு முற்றத்தைத் தாண்டி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"கையின்னா இது கை! ஒன்னைய விட வேகம்டி இருளாயி. முழுப் பரீட்ச முடியட்டும், தெனமும் வரச் சொல்லு. பொட்டப்புள்ள படிச்சது போதாதா?"

இருளாயி ராட்டையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து, முற்றத்தைக் கடந்து, முன்னறை வாசலில் போய் நின்றாள். உள்ளே டி.வி. அலறிக்கொண்டிருந்தது. நரிக்குட்டிக்காக யாரும் பேசவில்லை.

"அன்னம், எந்திரி. போதும், வீட்டுக்குப் போ."

ராட்டை நிற்கவில்லை.

"அன்னம்!"

"இருமா. இந்தத் தார் முடியட்டும்."

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இருளாயியின் கால் வாசல்படியைத் தாண்டவும் இல்லை, திரும்பவும் இல்லை.

"வாங்கடா, பம்பரம் விடப் போவோம்" என்று ஜலால் ஜன்னல் கம்பியிலிருந்து குதித்தான். ஒன்றன்பின் ஒன்றாக மற்றத் தலைகளும் இறங்கின. அதுவரை அந்தத் தலைகள் மறைத்திருந்த வெயில் நேராக உள்ளே வந்து டி.வி. மேல் விழுந்தது. நரியும் குடையும் சிறுமியும் வெளுத்து, திரை வெறும் கண்ணாடியாகிப்போனது. "ஜன்னலச் சாத்துங்கடி!" என்று கத்தினாள் தங்கப்பொண்ணு.

அன்னக்கொடி, நூல் நன்றாகத் தெரியும்படி, ராட்டையை அந்த வெளிச்சத்தின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள்.