பாதாம் செடியில் கட்டிய கந்தல்

...சீ, இது எவனுடைய கைக்குட்டையோ, மூக்கைச் சிந்தியதைத் துவைக்கக்கூட இல்லை, அப்படியே கொண்டுவந்து கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள், இதை அவிழ்க்க வேண்டுமென்றால் தொட வேண்டுமே, தொடமாட்டாள் சைராகுல், கத்தரிக்கோலால் வெட்டுவாள், வெட்டியது வாளியில் விழட்டும், அப்படியே அடுப்புக்குப் போகட்டும்... மலையிலிருந்து பிடுங்கிவந்து நட்டு மூன்று வருஷம். இடுப்புயரம்கூட வராமல் குச்சி குச்சியாக நின்ற காட்டு பாதாம் இந்த ஏப்ரலில்தான் முதன்முதலாக மொட்டு விட்டிருக்கிறது, அரிசி மணியளவில் இளஞ்சிவப்பாக, தொட்டால் உதிரும், அதன்மேல் போய் சாக்ஸைக் கிழித்துக் கட்டினால் எங்கிருந்து பூக்கும்? எல்லாம் தன் வாய்தான். மலையில் எங்கிருந்து பிடுங்கினாய் என்று பக்கத்து வீட்டு பூபுசரா கேட்டபோது, ஊற்றுக்கு மேலே சரிவில் என்று சொல்லித் தொலைத்தாள். அந்த ஊற்றடியில் நேர்ச்சைத் துணி தொங்காத புதர் ஏது? "அடியாத்தி, அப்ப இதுவும் புனிதச் செடிதானே! மலையேற முடியாத எனக்காகவே இறங்கி வந்திருக்கு பாரு" என்று மறுநாளே சாக்ஸோடு வந்தாள் பூபுசரா, அவளைப் பார்த்துத் தெருவே வந்தது. நோயாளியின் துணியில் ஒரு கீற்றுக் கிழித்துக் கட்டினால் சீக்கு செடியோடு நின்றுவிடுமாம். ஆக, தெருவின் மூலவியாதியும் சிரங்கும் சளியும் இவள் தோட்டத்தில்... உவ்வே.

"வெட்டாத சைரா! கட்டினத எடுத்தா அந்தச் சீக்கு எடுத்தவளுக்கே வரும்!" வேலிக்கு அந்தப்பக்கத்திலிருந்து பூபுசரா. "வரட்டும், உன் மூட்டுவலி எனக்கே வரட்டும், அப்பவாவது உன் வாய் ஓயுதான்னு பாக்கறேன்" என்று சொல்லி அவள் சாக்ஸை முதலில் வெட்டினாள். என்ன ஜனங்கள் இவர்கள், விருந்தென்றால் ஒரே கிண்ணத்துக் குதிரைப்பால் பத்து வாய் சுற்றி வரும், பதினோராவது ஆள் மீசையை ஒதுக்கிக்கொண்டு உறிஞ்சுவான், இவள் கைப்பையில் தன் கிண்ணத்தைக் கொண்டுபோனால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டுமே. எப்போதிலிருந்து இப்படி? முன்பெல்லாம் அவளும் அந்தக் கிண்ணத்தில் குடித்தவள்தான்... புருஷன் ஜுமாதில் படுத்த படுக்கையாகக் கிடந்த எட்டு மாதம். அவனுக்குப் பீ மூத்திரம் அள்ளினாள், விரிப்பு துவைத்தாள், அவன் செத்த அன்றும் கண்ணில் ஒரு சொட்டு இல்லை, கையைத்தான் கழுவிக்கொண்டே இருந்தாள், நாற்பதாம் நாள் முடிந்ததும் அந்த எட்டு மாதமும் உடுத்திய, நீலப் புள்ளி போட்ட சாம்பல் நிறக் கவுனை மூட்டையாகக் கட்டிக் கொட்டகை மூலையில் எறிந்தாள், எரிக்கவும் மனமில்லை, தொடவும் முடியவில்லை, இன்றுவரை அந்தப் பக்கம் போனதில்லை.

இது யாருடையது? அடிக்கிளையில், மொட்டு எதிலும் படாமல் பார்த்துப் பார்த்துக் கட்டியிருக்கிறது. சாம்பல் நிறம். நீலப் புள்ளி. கத்தரி அந்தரத்தில் நின்றது. என் துணி. எனக்கென்ன சீக்கு? ரத்த அழுத்தம்கூடக் கிடையாதே...

"அய்ஜர்கின்!"

மருமகள் மாவுக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே வந்தாள், சே, பாவாடையிலா துடைப்பாள். "இந்த வீட்ல யாருக்குடி உடம்பு சரியில்ல?"

தலையைக் குனிந்துகொண்டாள். சண்டைக்கு நிற்பாள் என்று பார்த்தால் மெதுவாகச் சொன்னாள். "உங்களுக்குத்தான் அத்தை. மாமா போனதுலேர்ந்து என் கையால ஊத்தின டீயை நீங்க ஒரு வாய் குடிக்கல. ரெண்டு வருஷமாச்சு. மருமக ஊத்தறதுதானே முறை, நீங்களே ஊத்திக்கிறீங்க. ஊர்ல என்னை என்னன்னு கேக்கறாங்க... அது போகட்டும், நீங்க எதைப் பாத்தாலும் முகத்தைச் சுளிக்கிறீங்க அத்தை, பயமா இருக்கு."

சைராகுல் குனிந்தாள், எதற்கென்று தெரியாமலே, துணிக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனாள், அந்த நாற்றம் வரும் என்று எதிர்பார்த்து மெல்ல மூச்சை இழுத்தாள்... சோப்பு வாசனை. துவைத்திருக்கிறாள். அந்த மூட்டையை இந்தப் பெண் வெறுங்கையால் பிரித்திருக்கிறாள், எட்டு மாதத்து அழுக்கையும் கசக்கிப் பிழிந்து காயப்போட்டிருக்கிறாள், எப்போது, நான் எங்கே போயிருந்தேன், ஒரு வார்த்தை சொல்லவில்லையே... அருவருப்பாக இல்லையா இவளுக்கு?