மீனாட்சிசுந்தரம் அண்ணனின் மூன்றாவது சாவி

1

இந்தக் கதை என் கணவருடையது. அவர் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் அவருக்குச் சாவிக் கடை. காலையில் தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்தி முடித்ததும் நான் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். அவர் இயந்திரத்தில் சாவி வெட்டுவார். நான் கிழித்த நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் ஞாயிறு பதிப்புக்குக் கதை எழுதுவேன். பித்தளைத் தூள் பறந்துவந்து ஈர மையில் ஒட்டிக்கொள்ளும். என் கையெழுத்துப் பிரதிகளை வெயிலில் பிடித்தால் ஆங்காங்கே மினுங்கும். பத்திரிகை ஆசிரியர் அதை ஒரு குறையாக ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

அவர் பெயர் சபாபதி. நான் சீதாலெட்சுமி. எங்கள் பெயர்களை மாற்றவில்லை. மற்றவர்கள் பெயரை மாற்றியிருக்கிறேன். அதனால் பெரிய பயன் இருக்காது.

2

முதல் வரியை ஐந்து முறை எழுதிப் பார்த்தேன்.

‘1998 ஏப்ரலில் ஒரு நாள், கிள்ளானில் ஒரு கார் தன் சொந்தக்காரரை மறந்துபோனது.’

சபாபதி வாசித்துவிட்டு, கார் தானாக மறக்கவில்லை, நான்தான் மறக்கவைத்தேன், அதை ஏன் மறைக்கிறாய் என்று கேட்டார். அடித்துவிட்டேன்.

‘ஒரு சாவிக்குள் அரிசி மணி அளவுக்கு ஒரு கண்ணாடிக் குழாய் தூங்கிக்கொண்டி’

இதை நானே நிறுத்திவிட்டேன். அந்தக் குழாய்தான் கதைக்கு வேண்டும், தூக்கம் வேண்டாம். நேராகவே சொல்கிறேன்.

3

மீனாட்சிசுந்தரம் அண்ணன் கிள்ளான்காரர். துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இருபது வருடத்தில் என் கணவர் அவருக்கு மூன்று சாவி செய்து கொடுத்திருக்கிறார்.

முதல் சாவி 1979-இல். அப்போது அவரிடம் ஒரு பழைய ஜப்பான் கார் இருந்தது. சாவி தேய்ந்து பல்லெல்லாம் மழுங்கியிருந்தது. ஒரு நாள் பிரிக்ஃபீல்ட்ஸில் சாமான் வாங்கிவிட்டு, அதே நிறம் அதே மாடல் காரில் ஏறி, சாவி போட்டு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். பெட்டாலிங் தாண்டும்போதுதான் பின் இருக்கையில் ஒரு குழந்தையின் செருப்பைப் பார்த்தாராம். அப்போது அவருக்குக் குழந்தை பிறந்திருக்கவில்லை. திருப்பிக் கொண்டுவந்து, தெருவில் கைபிசைந்து நின்ற சொந்தக்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டே எங்கள் கடைக்கு வந்தார். சபாபதி ராவி ராவிப் புதுச் சாவி செய்து கொடுத்தார்.

இரண்டாவது, 1987-இல், உள்நாட்டில் செய்த சாகா காருக்கு. படகுத்துறையில் சாவி கடலில் விழுந்துவிட்டது. வாங்கும்போது கொடுத்த தகட்டில் எண் இருந்தது. அந்த எண்ணைப் பார்த்து வெட்டினார்.

மூன்றாவது சாவிக்கு வெட்டினால் மட்டும் போதவில்லை. 1997-இல் அண்ணன் வாங்கிய கறுப்பு இறக்குமதிக் கார், சாவியிடம் ஒரு கேள்வி கேட்கும். சாவியின் தலைக்குள் இருக்கும் அந்தக் கண்ணாடிக் குழாய் சரியான பதிலைச் சொன்னால்தான் என்ஜின் எடுக்கும். இல்லாவிட்டால் கதவு திறக்கும், ரேடியோ பாடும், வைப்பர் ஆடும், என்ஜின் மட்டும் சுற்றிச் சுற்றி ஓய்ந்துபோகும். டாஷ்போர்டில் ஒரு சிவப்புப் புள்ளி விட்டுவிட்டு எரியும்.

(சபாபதியின் திருத்தம்: புதுச் சாவியைக் காருக்குப் பழக்கும்போது அந்தக் கார் பழைய சாவிகளை எல்லாம் அழித்துவிடும். அந்த நேரத்தில் கையில் இருக்கும் சாவிகளை மட்டும் மறுபடி எழுதிக்கொள்ளும். இதைச் சொல்லாவிட்டால் வாசகனுக்கு எதுவும் புரியாது என்கிறார். உண்மைதான். அவர் சிங்கப்பூரில் மூன்று நாள் தங்கிப் படித்துவிட்டு வந்த வித்தை அது.)

4

அண்ணனின் மனைவி விசாலம் ஆச்சி தனியாக ரயிலேறி வந்தார்.

அண்ணனுக்கு மறதி ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிறது என்றார். ஜனவரியில் தேங்காய் வாங்கக் கிளம்பியவரை மூன்று மணி நேரம் கழித்து செராஸில் கண்டுபிடித்திருக்கிறார்கள். கல்யாணமான புதிதில் வாடகைக்கு இருந்த வீட்டு வாசலில், என்ஜினை அணைக்காமல், ஆச்சி வந்து கேட் திறப்பாள் என்று காத்துக்கொண்டிருந்தாராம். அந்த வீட்டுச் சீனப் பெண்மணி அவருக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்.

ஆச்சி கேட்டது இதுதான். தன்னிடம் உள்ள சாவியை மட்டும் கார் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அவருடையதை மறக்க வேண்டும்.

“அவுக சாவியப் பிடுங்கி வைக்கச் சொல்லாதீங்க, சபாபதி. அது என்னால ஆகாது. சட்டப்பையில அது பாட்டுக்கு இருக்கட்டும். கார் எடுக்காமப் போனா, காரைத் திட்டிட்டு உள்ள வந்துருவாக.”

என் கணவர் மறுத்துவிட்டார். காரின் உரிமைப் பத்திரமான கிராண்டில் அண்ணன் பெயர் இருக்கிறது, அவரைக் கேட்காமல் அவர் சாவியை அழிக்க மாட்டேன் என்றார். ஆச்சி வாதாடவில்லை. டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

இந்த இடத்தில் எனக்கு ஆச்சியின் மேல் ஒரு சந்தேகம் இருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும். முதல் பிரதியில் அவரைத் தந்திரக்காரியாக எழுதியிருந்தேன். காருக்காகப் புருஷனை முடக்குகிறாள் என்று ஒரு பத்தி. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. கிழிக்கவில்லை. என்னைப் பற்றிய சாட்சியாக இருக்கட்டும்.

மார்ச்சில் ஆச்சி மறுபடி வந்தார். அண்ணன் சிவப்பு விளக்கில் நிற்காமல் போய் ஒரு சைக்கிள் காய்கறிக்காரரை இடித்துவிட்டார். பக்கிரிசாமி என்ற அந்த மனிதருக்குக் கை முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அண்ணன் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, இவருக்கு யார் இப்படிச் செய்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

சபாபதி இயந்திரத்தை நிறுத்தினார். பிறகு, அண்ணன் மத்தியானம் எத்தனை மணிக்குத் தூங்குவார் என்று கேட்டார்.

5

அடுத்து நடந்தபோது நான் அங்கே இல்லை. கனவில் பார்த்ததைப் போலத்தான் எழுத முடியும்.

கிள்ளானில் மழை பெய்கிறது. கார் நிறுத்தும் கூரையின் கீழ் சபாபதி முன் இருக்கையில், மடியில் சாவி பழக்கும் பெட்டி, பெட்டியிலிருந்து காருக்கு ஒரு வயர். ஆச்சி குடையில்லாமல் வாசற்படியில் நிற்கிறார். உள்ளே அண்ணனின் மூச்சு கேட்கிறது. சிவப்புப் புள்ளி மின்னுகிறது, நிற்கிறது, மின்னுகிறது. கார் ஒவ்வொரு நினைவாக இறக்கி வைக்கிறது. செராஸ் வீடு போகிறது. படகுத்துறை போகிறது. பெட்டாலிங் சாலை போகிறது. பிறகு ஆச்சியின் சாவியை ஒருமுறை திருப்பியதும் புள்ளி அணைகிறது. மழைச் சத்தம் மட்டும் பாக்கி.

(சபாபதி: அன்றைக்கு மழையே இல்லை, நல்ல வெயில். கார் இறக்கி வைத்ததெல்லாம் வெறும் எண்கள். செராஸும் படகுத்துறையும் அதற்குத் தெரியாது. மொத்தம் பதினொரு நிமிடம். எனக்கு வியர்த்து ஊற்றியது, அதை எழுது.)

எழுதிவிட்டேன். மழையை எடுக்கவில்லை.

6

அண்ணன் காரைத் திட்டவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை கோமுட்டர் ரயிலில் ஏறி, பழைய ஸ்டேஷனில் இறங்கி, எங்கள் கடைக்கே வந்துவிட்டார். ஆச்சியும் கூட வந்தார். ஆனால் கடைக்குள் வரவில்லை. எதிர்ச் சாப்பாட்டுக் கடையில் போய் உட்கார்ந்துகொண்டார். என் கணவரின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் இருந்திருக்காது.

அண்ணன் சாவியை மேசையில் வைத்து, எடுக்க மாட்டேன் என்கிறது, பார் என்றார். சபாபதி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே ஒரு பார்ட் போய்விட்டது, வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், நாளாகும் என்றார். என் கணவர் பொய் சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. காது சிவந்துவிட்டது.

அடுத்த செவ்வாயும் வந்தார்கள். அதற்கடுத்த செவ்வாயும். பார்ட் வந்ததா, வரவில்லை. பிறகு அண்ணன் எதிர்க்கடைக்குப் போவார், இருவரும் தோசை சாப்பிடுவார்கள், ரயிலேறிப் போவார்கள். இப்படி நான்கு மாதம்.

ஆகஸ்டில் ஒரு நாள் அவர் பார்ட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

“திரும்பிப் பாக்காத, சபா. அவ இங்கதான் பாத்துட்டிருக்கா,” என்றார். “பார்ட்டெல்லாம் ஒண்ணும் வராதுன்னு எனக்குத் தெரியும் லா.”

ஒரு மத்தியானம் ஆச்சி குளிக்கும்போது அண்ணன் அவருடைய கைப்பையிலிருந்து அவர் சாவியை எடுத்துப் போட்டுப் பார்த்திருக்கிறார். தொட்டதும் என்ஜின் எடுத்துவிட்டது. அதைக் கேட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாராம். பிறகு அவரே அணைத்துவிட்டு, சாவியைத் துடைத்து, பையில் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

அப்போதே ஓட்டிக்கொண்டு போயிருக்கலாமே என்று சபாபதி கேட்டார்.

“எங்க போறதுன்னு யோசிச்சேன், ஒண்ணும் தோணல. அப்பறம் அந்தக் காய்கறிக்காரர் கை ஞாபகத்துக்கு வந்துச்சு.” சட்டைப்பையில் இருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “அவகிட்ட சொல்லிப்புடாத. நாந்தான் தெரிஞ்சு விட்டுக்கொடுத்தேன்னு தெரிஞ்சா அவ தாங்கமாட்டா. கார்தான் கெட்டுப்போச்சுன்னு இருக்கட்டும். எனக்கும் செவ்வாய்க்கிழமை வரது புடிச்சிருக்கு. ரயில்ல அவ ஜன்னலோரம் உக்காந்துக்கிட்டு வரா.”

சபாபதி தலையாட்டினார். அண்ணன் என் பக்கம் திரும்பினார். என் கையிலிருந்த நாட்காட்டித் தாளைப் பார்த்தார்.

“டீச்சர், நீங்களுந்தான். எழுதிப்புடாதீங்க.”

எழுத மாட்டேன் அண்ணே என்றேன்.

7

இதை அன்றோடு விட்டிருந்தால் வாக்கையும் காப்பாற்றியிருக்கலாம், கதையும் பிறந்திருக்காது. முடிவுக்காக நான் செய்து பார்த்தவை:

அ. தீபாவளிக்கு முந்தைய செவ்வாய். ரயிலில் ஆச்சி ஜன்னலைப் பார்த்தபடி, எனக்குத் தெரியும் என்கிறாள். அண்ணன், எனக்கும் தெரியும் என்கிறார். (அழகாக இருக்கிறது. நடக்கவில்லை.)

ஆ. சபாபதி ஒரு நாள் எதிர்க்கடைக்குப் போய் ஆச்சி முன்னால் உட்கார்ந்து (அவர் போகவே மாட்டார் என்பது எனக்குத் தெரியும். அதனால் இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.)

நடந்தது இது. தீபாவளிக்குப் பிறகு அவர்கள் வரவில்லை. தைப்பூசம் கழிந்து ஆச்சி மட்டும் வந்தார், அந்தக் கறுப்புக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு. அண்ணன் இப்போது கட்டிலோடு இருக்கிறார், ஆச்சியை அக்கா என்று கூப்பிடுகிறார். சாவியை மட்டும் கையை விட்டு வைப்பதில்லை. அவர் கண் அயர்ந்தபோது எடுத்து வந்திருந்தார்.

“இதை மறுபடி காருக்குச் சொல்லிக் குடுங்க, சபாபதி. இனிமே ஓட்டப் போறதில்ல. ஆனாலும் எடுக்காத சாவிய அவுக கையில வச்சுக்கிட்டு இருக்க வேணாம்.”

தெருவோரத்திலேயே என் கணவர் பெட்டியை மாட்டி இரண்டு சாவியையும் பழக்கினார். அண்ணனின் சாவியைப் போட்டுத் திருப்பினார். என்ஜின் எடுத்தது. ஆச்சி பானெட் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

“ஏமாத்திப்புட்டேன்,” என்றார். “எம்மேல இருந்த நம்பிக்கையில கார்தான் கெட்டுப்போச்சுன்னு நெனைச்சுக்கிட்டாக. தெனமும் காதுல சொல்லி மன்னிப்புக் கேக்கிறேன். யாருன்னு கேக்கிறாக.”

சபாபதி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். வாயைத் திறந்தால் ஆச்சி அழுவதை நிறுத்திவிடலாம். ஆனால் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டவர், கேட்டுக்கொண்டதையே மறந்துவிட்டார். இனி எங்களை விடுவிக்க அவரால் முடியாது. அவர் மறந்துவிட்டார் என்பதற்காக வாக்கு செல்லாமல் போகுமா? நாங்கள் இருவரும் பேசவில்லை. ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மெதுவாக ஓட்டிப் போனார்.

8

இதை அச்சுக்கு அனுப்ப வேண்டாம் என்றுதான் சபாபதி சொன்னார். பிறகு தபால்தலையை அவரே வாங்கி வந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஆச்சி பத்திரிகை வாங்குவதில்லை. பக்கத்து வீட்டில் வாசித்து முடித்த ஞாயிறு பதிப்பு திங்கட்கிழமை மதில் மேலாக அவர் கைக்குப் போகும். அதைப் பேச்சுவாக்கில் அவரே ஒருமுறை சொன்னார்.

இதுவரை வாசித்திருக்கும் நீங்கள் அந்தப் பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம். பெயரை மாற்றியிருந்தாலும் யாரென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாளைக் காலை பேப்பரைக் கொடுப்பதற்கு முன் இந்தத் தாளை மட்டும் உருவிவிடலாம். அப்படியே மடித்தும் கொடுக்கலாம்.

நாங்கள் இருவரும் வாக்குக் கொடுத்தவர்கள். நீங்கள் கொடுக்கவில்லை.