இதர உறவினர்

மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர், கைக்கருவியில் ஆணிக்கடைக்காரியின் பாலினம் என்ற இடத்தில் ‘இதர’வைத் தொட்டார்.

"பெண்ணுன்னு போடு தம்பி. என் கடையில இதரன்னு எழுதின டப்பாவுல, யாரும் கேட்டு வராத ஆணிதான் கிடக்கும்."

"திருநங்கைன்னா இதரதான்க்கா."

பெண் என்று பதியச் சொல்லி அலுவலகம் அலுவலகமாகக் கத்தித் தொண்டை வறண்டவள் அந்த ஆணிக்கடைக்காரி. தொலையட்டும் என்று விட்டாள்.

அவர் கையிலிருந்த கருவி சிவப்பாக மின்னியது. குடும்பத் தலைவியான அம்மாவுக்கு அவள் மகள் என்றால், பாலினம் பெண்ணாகத்தான் இருக்க வேண்டுமாம். "உறவையும் மாத்திட்டா ஏத்துக்கும்க்கா" என்று அவர் ‘இதர உறவினர்’ போட்டார்.

கட்டிலிலிருந்து அம்மா கேட்டாள்: "ஏம்பா, நான் பெத்தவளை எந்த வீட்டுப் பிள்ளைங்கறே?"

ஆணிக்கடைக்காரி பெருமூச்சோடு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காரு தம்பி. மேலதிகாரிக்குப் போன் போடு. பாலினத்துலேர்ந்து மறுபடி ஆரம்பிப்போம்."