மூன்று எரர்

அந்தோணிராஜ் ஷெட்டுக்கு வந்தபோது, அவர் ஓட்டிய வேனின் வேலையை நான் முடித்து வைத்திருந்தேன். பனியன் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன். ஒரு மாதத்துக்கு முன்பு, நைட் ஷிப்ட் முடிந்த ஆட்களை இறக்கிவிடப் போகும்போது விடிகாலையில் நடுரோட்டில் நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரி இடித்தது. இறந்தது ஒரே ஒரு ஆள், அந்தோணிராஜின் மனைவி நதியா. டிங்கர் வேலையும் பெயின்டும் முடிந்து, எஞ்சின் லைட் மட்டும் அணையவில்லை என்று கம்பெனி மேனேஜர் என்னிடம் அனுப்பியிருந்தார்.

காலையில்தான் ஸ்கேனரை மாட்டினேன். ஸ்டியரிங்குக்கு அடியில் இருக்கும் சாக்கெட்டில் சொருகினால் வண்டியே தன் குறையைச் சொல்லிவிடும். மூன்று எரர் என்று காட்டியது. எங்கள் ஷெட்டில் ஒரு பழக்கம் உண்டு. என்ன எரர் என்று பார்க்க மாட்டோம். முதலில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வண்டியை ஓடவிடுவோம். திரும்பி வந்தால் நிஜமான குறை, வராவிட்டால் பழைய குப்பை. பத்து வண்டி வரிசையில் நிற்கும்போது யார் உட்கார்ந்து படிப்பது? அழிக்கவா என்று ஸ்கேனர் கேட்டது. ஆமாம் என்று அமுக்கிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டேன்.

அந்தோணிராஜ் சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டிருந்தார். வேனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினார்.

"அண்ணே, வண்டி எதனால நின்னுச்சுன்னு மிஷின்ல தெரியும்னு சொல்றாக. பாத்துச் சொல்றீகளா?"

"கேசுக்குங்களா?"

"இல்லண்ணே. நான் தூங்கிட்டேன்னு சொல்றாக. எஞ்சின் தானா ஆஃப் ஆச்சுன்னுதான் நான் சொன்னேன். எல்லாரும் சொல்லச் சொல்ல இப்ப எனக்கே தெரியல. தூங்கி ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்து, கியர்லயே நின்னுருச்சோ என்னமோ."

பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பதுபோலத்தான் கேட்டார். எரர் விழுந்த நொடியில் என்ன வேகம், எஞ்சின் எவ்வளவு சூடு என்பதெல்லாம் அதனுடனே பதிந்திருக்கும். எரரை அழித்தால் அதுவும் போய்விடும். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் பதினோரு வருஷமாக அழித்துக்கொண்டிருக்கிறேன்.

சென்சார் கோளாறுதான், உங்கள் மேல் தப்பில்லை என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

"காலைலயே அழிச்சுப்போட்டனுங்க. என்னன்னு பாக்கலீங்க."

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எத்தன இருந்துச்சு?"

"மூணுங்க."

"மூணுல ஒண்ணு அதா இருக்கலாம்ல?"

"இருக்கலாமுங்க. லாரி இடிச்சதுல வயர் அறுந்து வந்ததாவும் இருக்கலாமுங்க."

தலையை ஆட்டிக்கொண்டார். எஞ்சின் நன்றாகச் சூடானால் அந்தக் குறை மறுபடி வரக்கூடும், ஓட்டிப் பார்க்கலாம் என்றேன். சாவியை நீட்டினேன். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, பின்பக்கம் ஏறி என் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்துகொண்டார். ஸ்கேனரை மறுபடி சொருகி, வயரை இழுத்து அவர் மடியில் வைத்தேன். ஏதாவது வந்தால் எனக்கு முன்னால் மஞ்சள் லைட் எரியும், உங்களுக்கு அதில் எழுத்து வரும் என்று சொல்லிக்கொடுத்தேன்.

அவிநாசி ரோட்டில் நல்ல வெயில். ஏசியைப் போடாமல், எஞ்சின் சூடாகட்டும் என்று கியரை இறக்கி ஓட்டினேன். எந்த வண்டியையும் இப்படிக் கெட்டுப்போகச் சொல்லி நான் ஓட்டியதில்லை.

"இது நதியா சீட்டு" என்றார் திடீரென்று. "நான் தூங்கிறக் கூடாதுன்னு இங்க உக்காந்து எதாச்சும் பேசிக்கிட்டே வருவா. அன்னைக்கு ரெண்டு ஷிப்ட் சேத்துப் பாத்திருந்தா. கடைசி சீட்டுல போய்ப் படுன்னு நாந்தான் சொன்னேன்."

அழுகிறாரா என்று கண்ணாடியில் பார்த்தேன். குனிந்து ஸ்கேனரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கடைசி சீட்டின் புது ரெக்சினில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது.

அவிநாசியில் வண்டியைத் திருப்பி மறுபடி அதே ரோட்டில் வந்தோம். லைட் எரியவே இல்லை. ஷெட் வாசலில் நிறுத்தியபோது போன் அடித்தது. மேனேஜர்.

"ஏனுங்க, லைட் போயிருச்சுங்களா? சாயங்கால ஷிப்டுக்கு வண்டி வேணுமுங்க."

"போயிருச்சுங்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

சாவிக்குக் கையைக் கொண்டுபோனேன்.

"ஆஃப் பண்ணிராதீகண்ணே."

கையை எடுத்துவிட்டேன். எஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. பின்சீட்டிலிருந்து அவர் கை என் தோளைத் தாண்டி வந்து, மீட்டர் கண்ணாடியில் படிந்திருந்த தூசியைக் கட்டைவிரலால் துடைத்தது. மஞ்சள் லைட் எரிய வேண்டிய இடத்தை மட்டும்.