மூத்தவர் வண்டியில் படம்

அன்று காலை வாசலில் இருந்தவர்கள் இவர்கள்தான்: மூத்தவர், அவர் மனைவி, அவர்களுடைய ஒரே மகள் வாலு, இளையவர், அவர் மனைவி, அவர்கள் மகன் குண்டு, அண்ணன் தம்பி இருவருக்கும் அத்தை, பிறகு எதிர்வீட்டுத் தையற்காரர். வேறு ஈ காக்கை கிடையாது. தாங்களும் பார்த்ததாகப் பிற்பாடு சொல்லித் திரிந்தவர்கள் எல்லாரும் கேள்விப்பட்டதைப் பேசியவர்கள்.

இளையவரின் கார் தெருவில் நின்றது. மூத்தவரின் கார் கொட்டகைக்குள் நின்றது. தங்கை மகளின் கல்யாணத்துக்கு வெளியூர் போக வேண்டும். அரை நாள் பயணம். யார் எந்த வண்டியில் ஏறுவது என்பது மற்றவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. மூத்தவருக்கு மட்டும் அது ஒன்றுதான் பொருட்டு. வாலு தன் வண்டியில் வர வேண்டும்.

மூத்தவர் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர். கோடு மயிரிழை கோணினாலும் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி போடுவார். இளையவர் டைல்ஸ் கடை வைத்திருந்தார். கோணல்மாணலாக இருந்தாலும் சிரித்துப் பேசி விற்றுவிடுவார். போன மாதம் அவர் புதுக் கார் வாங்கியபோது மூத்தவருக்கு வருத்தமில்லை. தம்பி வாங்கினால் அண்ணனுக்குத்தானே பெருமை என்று நாலு பேரிடம் சொன்னார். ஐந்தாவது ஆளிடம் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. ஏனென்றால் அதற்குள், அந்தக் காரின் முன்சீட்டுகளின் முதுகில் சீட்டுக்கொரு டிவி இருப்பதை வாலு கண்டுபிடித்துவிட்டாள்.

அதன் பிறகு குடும்பத்தோடு ஒருமுறை வெளியே போனார்கள். வாலு செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிப்போய்ச் சித்தப்பா காரில் ஏறிக்கொண்டாள். மூத்தவர் பின்சீட்டில் தண்ணீர்க் கேனும் மடக்கு நாற்காலியும் வைத்துக்கொண்டு பின்னால் ஓட்டிப் போனார். வழி நெடுக முன்னால் போன காரின் கண்ணாடி வழியே நீல வெளிச்சம் தெரிந்தது. அந்த வெளிச்சத்துக்கு நடுவே மகளின் இரட்டைச் சடை. ஹாரன் அடித்துப் பார்த்தார். விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்துப் பார்த்தார். சடை திரும்பவில்லை.

“புள்ள சந்தோசமா இருக்கா, விடுங்களேன்,” என்றாள் மனைவி.

“நான் என்ன சொன்னேன்?”

“ஒண்ணும் சொல்லல. ஸ்டியரிங்கத்தான் பிடுங்கி எடுத்துருவீங்க போல இருக்கு.”

அடுத்த வாரமே இரண்டு திரைகளும் ஒரு ப்ளேயரும் வாங்கிவிட்டார். விஷயம் காதுக்கு எட்டியதும் இளையவர் வந்து நின்றார்.

“அண்ணே, எனக்கு மாட்டிக் கொடுத்தவன் நல்ல பையன். ஒரு ஃபோன் போட்டா வீட்டுக்கே வந்து மாட்டிடுவான்.”

“வேண்டாம்.”

“ஒயரிங்லாம் கொஞ்சம் குழப்பம்ணே.”

“ஊரையே அளந்து தாளில் போடுறவன்டா நான். ரெண்டு ஒயர் எனக்குக் குழப்பமா?”

உள்ளது வேறு. அந்தக் கடைக்குப் போனால், ‘உங்க தம்பிக்கு மாட்டின மாதிரியா சார்?’ என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்ல வேண்டும். அதற்கு அவர் கழுத்து வளையாது.

மூன்று நாள் சாயங்காலம் காருக்குள்ளேயே கிடந்தார். ஹெட்ரெஸ்டைக் கழற்றினார். திரையை மாட்டினார். ஒயரைச் சீட்டுத் துணிக்குள் விட்டு, கம்பி கட்டி இழுத்து, கீழே கார்ப்பெட்டுக்கு அடியில் கொண்டுவந்தார். ஒயர் ஓடிய தடம் வெளியே துளியும் தெரியவில்லை. வரைபடக்காரர் கை அல்லவா. கரண்ட் எடுப்பதில்தான் சிக்கல். சாவியைத் திருப்பினால் கரண்ட் வர வேண்டும், சாவியை எடுத்தால் நிற்க வேண்டும், அப்படிப்பட்ட ஒயரில் சேர்க்கவும் என்று பெட்டியோடு வந்த தாளில் இருந்தது. முன்பக்க ஃபியூஸ் பெட்டிக்குப் போகலாமென்று டேஷ்போர்டில் கை வைத்தார். ஒரு பிளாஸ்டிக் கொக்கி பட்டென்று முறிந்தது. கையை எடுத்துவிட்டார். டிக்கிப் பக்கமும் ஒயர்கள் போகின்றனவே, அவையும் இதே காரின் ஒயர்கள்தானே என்று பின்னால் வந்தார்.

அந்தக் குடும்பத்தில் கார் நிறுத்த ஒரு முறை உண்டு. கொட்டகைத் தரை தெருவிலிருந்து உள்ளே சரிந்து இறங்கும். அவர்கள் அப்பா காலத்தில், ஹேண்ட்பிரேக்கை நம்பி நிறுத்திய கார் தன்பாட்டுக்கு உருண்டு சமையலறைச் சுவரில் முட்டி நின்றது. அன்று முதல் அந்த வீட்டு ஆட்கள் யாரும் ஹேண்ட்பிரேக்கை நம்புவதில்லை. ரிவர்ஸ் கியரைப் போட்டு வைத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். சமதரையில் நிறுத்தினாலும் அப்படித்தான். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும்.

மூத்தவர் சாவியைத் திருப்பி வைத்துவிட்டு, டிக்கிக்குள் தலையை நுழைத்து, ஒவ்வொரு ஒயராக டெஸ்ட் லாம்ப்பை வைத்துப் பார்த்தார். ஒன்றில் எரிந்தது. சாவியை எடுத்தார், அணைந்தது. மறுபடி திருப்பினார், எரிந்தது. தாளில் சொன்னது சொன்னபடி. அந்த ஒயரையும் திரையின் ஒயரையும் முறுக்கிச் சேர்த்து, டேப் சுற்றி மூடினார். படம் வந்தது. ஆற்றில் ஒரு கரடி மரப்பெட்டிக்குள் உட்கார்ந்து மிதந்து போயிற்று.

இளையவரைக் கூப்பிட்டனுப்பிக் காட்டினார். சாவியைத் திருப்பினார், படம், எடுத்தார், இருட்டு, திருப்பினார், விட்ட இடத்திலிருந்தே படம்.

“அடேங்கப்பா! அண்ணே, என்னுதைவிட பளிச்சுனு இருக்குண்ணே!”

மூத்தவர் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்காவது ஓர் ஓரத்தில் எரிச்சல் இருக்கும் என்று தேடினார். இல்லை. மனதாரச் சொல்கிறான். சோற்றில் உப்பில்லாதது போல இருந்தது மூத்தவருக்கு.

ஆனால் வாலு, “நாளைக்கு நான் அப்பா வண்டில,” என்றாள். அது போதும்.

காலையில் வாலு பின்சீட்டில் முதல் ஆளாக ஏறிக்கொண்டாள். அத்தை அவள் பக்கத்தில், மனைவி முன்னால். மூத்தவர் சாவியைத் திருப்பியதும் திரையில் கரடி வந்தது. வண்டியைக் கிளப்பக் கியரை நடுவே தள்ளினார்.

“அப்பா, போச்சு.”

“வரும், வரும். வண்டி கிளம்பும்போது அப்படித்தான்.”

ரிவர்ஸ் போட்டுக் கொட்டகையிலிருந்து பின்னால் எடுத்தார். படம் வந்தது. வாலு கைதட்டினாள். தெருவில் நின்றிருந்த தம்பியின் காரைக் கடந்தபோது மூத்தவர் கண்ணாடியை இறக்கி முழங்கையை வெளியே வைத்துக்கொண்டார். தெருவில் வண்டியை நேராக்கி முதல் கியர் போட்டார்.

“அப்பா, மறுபடி போச்சு!”

நிறுத்தினார். இறங்கினார். திரையைத் தட்டினார். ஒயரை அழுத்தினார். ஏறி, பின்னால் கொஞ்சம் எடுத்துப் பார்ப்போமென்று எடுத்தார். படம் ஓடியது. முன்னால் போனார். இருட்டு. பின்னால். படம். தையற்காரர் தோளில் அளவு நாடாவோடு வாசலுக்கு வந்துவிட்டார்.

“டேய் பெரியவனே, தொட்டில்ல போட்டா ஆட்டுற? வயித்தக் கலக்குதுடா,” என்றாள் அத்தை.

“என்னங்க,” என்று மனைவி மெல்லச் சொன்னாள், “பின்னாடி போனா மட்டும் வருது.”

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மூன்று நாளும் சாவியைத் திருப்பியபோதெல்லாம் கியர் ரிவர்ஸில் இருந்தது. பின்னால் வெள்ளை விளக்கு எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. டிக்கிக்குள் தலையை விட்டிருந்தவர் கண்ணில் அது படவில்லை. ரிவர்ஸ் விளக்கின் ஒயரில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். காது மடல் சூடேறியது.

இளையவர் இறங்கி வந்தார். “என்னண்ணே ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல.”

“ரிவர்ஸ்ல மட்டும்தான் படம் வருது சித்தப்பா!” என்றாள் வாலு.

இளையவர் உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. காரின் கூரையில் கையை ஊன்றிக்கொண்டு குலுங்கினார். அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சரிண்ணே, விடுங்க. நேரமாச்சு. பாப்பா, நீ வாம்மா, சித்தப்பா வண்டில முழுசாப் பாத்துக்கலாம்,” என்று வாலு பக்கத்துக் கதவைத் திறந்தார்.

திறந்த கதவையே மூத்தவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அது கெஞ்சல். போ என்று சொல்லவும் வரவில்லை. வாலு ஒரு காலைக் கீழே வைத்தாள். திரும்பி அணைந்த திரையைப் பார்த்தாள்.

“அப்பா, அந்தக் கரடி அருவில விழப்போச்சு. விழுந்துச்சா இல்லையான்னு மட்டும் பாத்துட்டுப் போறேன்பா.”

மூத்தவர் ரிவர்ஸ் போட்டார். வாலு காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள். கார் பின்னால் நகர்ந்தது. தையற்காரர் கேட்காமலே பின்னால் போய் நின்று, கையை ஆட்டி, “வரலாம்... வரலாம்... இன்னும் வரலாம்...” என்று வழிகாட்டிக்கொண்டே பின்னுக்கு நடந்தார். நிமிர்ந்த முதுகும் அழுத்திய உதடுமாக, ஆமை வேகத்தில், தெருக்கோடி வரை ஓட்டிப்போனார் மூத்தவர். அருவிக்கு ஒரு முழம் முன்னால் கரடி ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டது. தெருவும் அங்கே முடிந்தது.

“அப்புறம்?” என்றாள் அத்தை. அவளும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“தெரியல அத்தப்பாட்டி. கிளை முறியுது.” வாலு முன்சீட்டைக் கட்டிக்கொண்டு அப்பாவின் காதருகே வந்தாள். “அப்பா, போற வழில எங்கயாவது பின்னாடி எடுப்பீங்கல்ல?”

“எடுத்துத்தானே ஆகணும்.”

“அப்ப நான் இதுலயே வரேன்.”

கார் திரும்பி வந்து வீட்டு வாசலில் நின்றபோது, குண்டு தன் அப்பா வண்டியிலிருந்து இறங்கித் தெரு நடுவே நின்றிருந்தான்.

“நானும் பெரியப்பா வண்டில.”

“டேய், நம்ம வண்டில நிக்காம ஓடும்டா,” என்றார் இளையவர்.

“அது போரடிக்குதுப்பா. இதுல எப்ப வரும்னே தெரியாது.”

சொல்லிவிட்டு ஓடி வந்து அத்தையை நெருக்கித் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தான். இளையவர் சிரித்தார். சிரிப்பு வாயில் இருந்தது, கண்ணுக்கு ஏறவில்லை. மகன் சாத்திய கதவைப் பார்த்தார், தன் காரின் பின்சீட்டைப் பார்த்தார். அங்கே இரண்டு திரைகளும் யாருமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு அண்ணன் என்ற முறையில் மூத்தவருக்கு மனம் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. அந்த முகத்தை ஆற அமரப் பார்த்துவிட்டுத்தான், “நீ முன்னால போடா,” என்றார்.

மூத்தவர் கல்யாண மண்டபம் வரைக்கும் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போனார் என்று தையற்காரர் கடையில் துணி தைக்கக் கொடுத்தவர்கள் எல்லாரும் இன்றும் சொல்கிறார்கள். அது பொய். அவர் பின்பக்கமாக ஓட்டியது தெருக்கோடி வரை மட்டும்தான். வழியில் பெட்ரோல் போட்ட இடத்தில் ஒருமுறை எடுத்தார். பெட்ரோல் போட்டால் யாராக இருந்தாலும் வண்டியைப் பின்னால் எடுக்கத்தான் செய்வார்கள்.