முதுகில் மூன்று கோடு

நித்தியானந்தன் அந்த மிருகத்தைக் கண்டு ஆறு வருடமாகிவிட்டது. கிப்ஸ்லாந்துப் பக்கம் பால் லொறி ஓட்டிக்கொண்டு போன ஒரு விடியற்காலையில், வளைவொன்றில் தெருவைக் கடந்தது. நாய் உயரம், முதுகில் கோடுகள், தடி மாதிரி விறைத்த வால். டாஸ்மேனியப் புலி. கங்காருவைப் போல வயிற்றுப் பையில் குட்டி சுமக்கும், ஆனால் வேட்டையாடித் தின்னும். கடைசி ஒன்றும் 1936இல் கூண்டுக்குள் செத்துவிட்டது என்று உலகமே சொல்கிறது.

அன்றிலிருந்து மனிதருக்கு நிம்மதி இல்லை. அவர் குடியிருக்கும் டண்டினோங்கில் எந்தப் பிறந்தநாள் வீட்டுக்குப் போனாலும் யாராவது ஆரம்பித்துவிடுவார்கள்.

"என்ன அண்ணை, ஊரில பாத்த புலி போதாதெண்டோ இஞ்சையும் தேடுறியள்?"

சிரித்துச் சமாளித்துவிட்டு, காரில் ஏறியதும் ஸ்டியரிங்கில் குத்துவார். அவருக்கு வேண்டியது ஒன்றுதான். விஷயம் தெரிந்த ஒருவர், நீங்கள் கண்டது உண்மை என்று சொல்ல வேண்டும்.

இந்த வருடம் காட்டுக் கமரா ஒன்று வாங்கினார். முன்னால் எது அசைந்தாலும் தானாகப் படம் பிடிக்கும். மனைவி சுஜீவாவையும் கூட்டிக்கொண்டு போய், அந்த வளைவில் பிரியும் காட்டுப் பாதையோரம் ஒரு மரத்தில் உயரமாகக் கட்டிவிட்டு வந்தார். ஒரு மாதம் கழித்துக் கழற்றி வந்து பார்த்தால், வலபி என்கிற குட்டைக் கங்காருகளுக்கும் முயல்களுக்கும் நடுவே அது. இருட்டில், கமராவுக்கு முதுகைக் காட்டியபடி நடந்து போகிறது. முதுகின் குறுக்கே தெளிவாக மூன்று பட்டை.

சுஜீவாவின் சிநேகிதியின் மகள் வினுஷா பல்கலைக்கழகத்தில் விலங்கு ஆராய்ச்சி செய்கிறாள். ஞாயிறு மத்தியானம் வந்தாள். வீடியோவைப் பார்த்தவுடன் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தாள். பகலில் எடுத்த படங்களையும் கேட்டாள். அவற்றில் ஒரே புகைச்சல். பனி என்றுதான் அவர் நினைத்திருந்தார். அவள் திரையில் விரலை வைத்துக் காட்டினாள். மரங்களின் குறுக்கேயும் அதே இடத்தில் அதே மூன்று பட்டை.

"அங்கிள், கோடு மிருகத்தில இல்ல. கமராவில." பிறகு சுஜீவாவைத் திரும்பிப் பார்த்தாள். "அன்ரி, இதுக்குத் திருநீறு பூசினீங்களா?"

"ஓம் பிள்ளை. புதுச் சாமான் எல்லோ. காருக்கும் பூசினனாங்கள்தானே."

அவர் பற்றரி எடுக்கக் காருக்குப் போன நேரம் பார்த்து, தண்ணீரில் குழைத்து, கமராவின் முகப்பில் மூன்று விரலால் இழுத்துவிட்டிருக்கிறாள் சுஜீவா. ஈரத்தில் திருநீறு தெரியாது, காய்ந்தபின்தான் வெளுக்கும். திரும்பி வந்தவர் கண்ணில் ஒன்றும் படவில்லை; ஒரு மாதம் கழித்துக் கழற்றியபோதும் புழுதி என்றுதான் நினைத்தார். அதில் கண்ணாடி எது என்று தனக்கு எப்படித் தெரியும் என்று அவள் திருப்பிக் கேட்டாள். நித்தியானந்தன் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"சரி, வால்?" என்றார்.

வினுஷா மறுபடி ஓடவிட்டுப் பார்த்தாள்.

"நரிக்கு இப்பிடி வால் இல்ல. நாய் இப்பிடி நடக்காது."

"அப்ப?"

"கிளியரா இருந்திருந்தா நானே மியூசியத்துக்கு அனுப்பியிருப்பன். இதை அனுப்பினா சிரிப்பினம், அங்கிள். சொறி."

நாளைக்கே கமராவைத் துடைத்துக் கொண்டுபோய்த் திரும்பக் கட்டுகிறேன் என்றார். அந்தக் காட்டுப் பாதையைக் குளிர்காலத்துக்குப் பூட்டிவிட்டார்கள், வசந்தம் வரை திறக்கமாட்டார்கள் என்று சொல்லிவிட்டு வினுஷா புறப்பட்டாள்.

அவர் மேசையை விட்டு எழும்பவில்லை. வால் தெரியும் இடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டினார். சுஜீவா தேத்தண்ணியோடு வந்து பின்னால் நின்று பார்த்தாள்.

"அது நரியில்லை. நீங்கள் கண்டது உண்மைதான்."

ஆறு வருடமாக அவர் காத்திருந்த வசனம். கேட்டதும் உடம்பெல்லாம் எரிந்தது.

"நீர் சொல்லி ஆர் நம்பப்போகினம்?"

"அப்ப நான் ஒண்டும் சொல்லேல்லை" என்று கோப்பையை வைத்துவிட்டு அவள் குசினிக்குள் போனாள்.

அவர் இன்னொரு தடவை ஓடவிட்டார். அது இன்னொரு தடவை முதுகைக் காட்டிக்கொண்டு போனது.